வாசகர் கேள்வி – பதில்: சொந்தக் கையால் கட்டும் விமானமும் 600 கிலோ எல்லையும்

கடந்த இதழில், வீட்டிலேயே விமானம் கட்டுவோரைப் பற்றி இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைக் கேட்டன. அமெரிக்காவில் 'லைட் ஸ்போர்ட்' என்று அழைக்கப்படும் இலகு விமான விதிக்குள் அடங்கும்படி ஒரு விமானத்தைக் கட்டுவது எப்படி, அப்படிக் கட்டியதை இங்கே பறக்கவிட முடியுமா என்பதே அது. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கிள்ளான் வாசகர் ஒருவர்: நாற்பது ஆண்டுகள் பட்டறையில் தகட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்கக் குடியுரிமை பெற்று டெக்சஸில் வாழும் என் மகனோடு சேர்ந்து, அங்கேயே இரண்டு பேர் அமரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்ட வரைபடம் வாங்கியிருக்கிறேன். இறக்கைப் பரப்பு 11 சதுர மீட்டர். உச்ச எடை 650 கிலோ என்று வடிவமைப்பாளர் குறித்திருக்கிறார். எல்லை 600 கிலோ என்பதால், பதிவு செய்யும்போது 600 என்று எழுதிவிட்டால் போதும் என்கிறார் நண்பர். இது சரியா?

ஐயா, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை நம்பிப் பலர் தவறான எண்ணைத் தங்கள் விமானத்தின் மேல் நிரந்தரமாக எழுதிக்கொண்டார்கள் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பழைய விதி. 2004 செப்டம்பர் 1 அன்று அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. நடைமுறைப்படுத்திய அந்த விதியின்படி, நிலத்தில் இறங்கும் இலகு விமானத்தின் உச்ச எடை (ஆட்கள், எரிபொருள், சுமை எல்லாம் சேர்த்து) 1,320 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 600 கிலோ. நீரில் இறங்குவதற்கு 1,430 பவுண்டு, ஏறக்குறைய 650 கிலோ. இருக்கை இரண்டுக்கு மேல் கூடாது. பிஸ்டன் என்ஜின் ஒன்றே இருக்க வேண்டும். சக்கரங்கள் மடங்கக் கூடாது. புரொப்பெல்லரின் கோணத்தைத் தரையில் வைத்து மாற்றலாமே தவிர, பறக்கும்போது மாற்றக் கூடாது. கிடைமட்டப் பறத்தலில் உச்ச வேகம் 120 நாட் என்ற அளவைத் தாண்டக் கூடாது (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்). ஃபிளாப் எனப்படும் இறக்கையின் பின்விளிம்பு மடலை இறக்காத நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தாங்கும் திறனை இழக்கும் வேகம், 45 நாட்டுக்குள் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் முதன்முதல் சான்றிதழ் பெற்ற நாள் தொடங்கி இடைவிடாமல் நிறைவேற்றி வந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் கூர்மையான பகுதி. ஒரு முறை 650 கிலோ என்று சான்று பெற்ற விமானத்தைப் பிறகு 600 என்று மாற்றி எழுதினாலும் அது அந்த விதிக்குள் வராது.

சொந்தக் கையால் கட்டும் விமானத்தில், சட்டத்தின் பார்வையில் கட்டியவரே தயாரிப்பாளர். ஆகவே உச்ச எடையைக் குறிக்கும் உரிமையும் அவருடையதுதான். வடிவமைப்பாளர் சொன்னதைவிடக் குறைவாகக் குறிப்பதற்கும் தடையில்லை. உங்கள் நண்பர் சொன்னது இதைத்தான். ஆனால் உங்கள் விமானத்துக்கு அது உதவியிருக்காது என்பதைக் கணக்கே காட்டுகிறது. மரபான வடிவுள்ள இறக்கை, ஃபிளாப் இறக்காத நிலையில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோவைச் சுமந்தால் 45 நாட்டில் ஸ்டால் ஆகும். 600 கிலோவுக்கு 12 சதுர மீட்டர் வேண்டும். உங்களிடம் இருப்பதோ 11. அப்படியானால் 600 கிலோவிலும் ஸ்டால் வேகம் 47 நாட்டை ஒட்டியே வரும். எடையைத் தாளில் குறைத்தாலும், வேக எல்லையில் விமானம் வெளியே நின்றுவிடும்.

இனி மகிழ்ச்சியான செய்தி. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 'மொசைக்' என்ற புதிய விதித்தொகுப்பு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. இதைப் புரிந்துகொள்ள இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும்: விமானத்துக்கு என்ன சான்றிதழ் என்பது ஒன்று, அதை ஓட்டுபவருக்கு என்ன உரிமம் என்பது மற்றொன்று. நீங்கள் கட்டப்போவது 'பரிசோதனை – சொந்தக் கட்டுமானம்' என்ற வகையில் சான்று பெறும். அந்த வகைக்கு 600 கிலோ எல்லை எக்காலத்திலும் இருந்ததில்லை. அந்த எல்லை கட்டுவோரைத் தொட்டதெல்லாம், 'ஸ்போர்ட் பைலட்' என்ற எளிய உரிமத்தோடு ஓட்ட விரும்பியவர்களை மட்டுமே. 2025 அக்டோபர் 22 முதல் அந்த உரிமத்துக்கான எடை எல்லை நீங்கி, ஃபிளாப் இறக்காத நிலையில் 59 நாட் என்ற ஸ்டால் வேகமே அளவுகோலாகிவிட்டது. உங்கள் விமானம் 650 கிலோவில் 49 நாட்டை ஒட்டி ஸ்டால் ஆகும். ஆகவே வடிவமைப்பாளர் குறித்த 650 கிலோவையே தயங்காமல் எழுதுங்கள். 600 என்று எழுதினால் ஐம்பது கிலோ சுமையை நீங்களாகவே இழந்து நிற்பீர்கள். வடிவமைப்பாளர் சொன்னதற்கு மேல் ஒரு கிலோவும் எழுதாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இறக்கையின் முதன்மை உத்தரம் அந்த எண்ணுக்காகக் கணக்கிடப்பட்டது.

எல்லை தளர்ந்துவிட்டது என்பதற்காக எடையை மறந்துவிடலாமா என்றால், அங்கேதான் என் கவலை தொடங்குகிறது. வரைபடத்தில் வெற்று எடை 385 கிலோ என்று இருக்கும். கட்டி முடித்துத் தராசில் ஏற்றினால் 410 காட்டும். 600 கிலோ எல்லையில், தலா எண்பது கிலோ எடையுள்ள இருவர் ஏறிய பின் எரிபொருளுக்கு மீதம் 30 கிலோதான். அது 41 லிட்டர். மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் நூறு குதிரைத்திறன் என்ஜினுக்கு, அரைமணி நேர இருப்பை ஒதுக்கிவிட்டால், ஒன்றரை மணி நேரப் பறத்தல். 650 கிலோவில் அதே விமானம் 75 லிட்டர் நிரப்பிக்கொண்டு, 26 கிலோ பெட்டியும் ஏற்றிக்கொள்ளும்.

அந்த 25 கிலோ எங்கிருந்து வருகிறது? பட்டர்வொர்த்தில் ஒரு நண்பரின் வீட்டுக் கொட்டகையில் நான் உதவிய விமானத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். சுக்கானை வண்ணம் பூசுவதற்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்தோம்; 3 கிலோ 100 கிராம். மேடு பள்ளம் மறைய நிரப்பு மாவு தேய்த்து, இரண்டு பூச்சுப் பூசிக் காய்ந்த பின் 3 கிலோ 600 கிராம். அழகுக்காக அரைக் கிலோ, அதுவும் வாலின் கடைசியில். வாலில் ஏறும் எடை ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மையம் எல்லைக்குப் பின்னால் போனால் விமானம் நிலைத்தன்மையை இழக்கும், சுழலில் சிக்கினால் மீள்வது கடினமாகும். கீலுக்குப் பின்னால் சேரும் எடை, வேகம் கூடும்போது சுக்கானை நடுங்க வைத்துப் பிய்த்தெறியவும் வல்லது. ஆகவே அசையும் பரப்புகளை வண்ணம் பூசிய பின் சமன் பார்க்காமல் பொருத்தவே கூடாது. நாங்கள் அந்தப் பூச்சை மறுபடியும் சுரண்டி எடுத்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

நிறுக்கும் நாளில் எரிபொருளை வடித்துவிடுங்கள். விமானத்தை மட்டப்பலகை வைத்துச் சமப்படுத்தி, மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசுகள் வையுங்கள். கொட்டகைக் கதவை மூடி, மின்விசிறியையும் நிறுத்துங்கள். இறக்கையின் மேல் வீசும் மெல்லிய காற்றும் தராசை ஏமாற்றும். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 310 கிலோ, அவை அளவுப்புள்ளியிலிருந்து (தூரங்களை அளக்கத் தொடங்கும் புள்ளி) 2 மீட்டர். முன்சக்கரம் 75 கிலோ, அது 0.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 620-ஐயும் 45-ஐயும் கூட்டி 385-ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் 1.73 மீட்டரில் கிடைக்கும். பட்டறைக் கணக்குப் பழகிய உங்களுக்கு இது கடினமாக இராது.

உங்களுக்கென்று இன்னும் இரண்டு செய்திகள். அமெரிக்கப் பதிவுக்கு உரிமையாளர் அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருக்க வேண்டும் என்பதால் விமானம் உங்கள் மகன் பெயரில் இருக்கட்டும். ஸ்போர்ட் பைலட் உரிமத்துக்கு மருத்துவச் சான்றுக்குப் பதிலாக ஏற்கப்படுவது அமெரிக்க வாகன ஓட்டுநர் உரிமம் மட்டுமே. நம் மலேசிய உரிமம் அங்கே செல்லாது. நீங்களும் பறக்கக் கற்க விரும்பினால், வெளிநாட்டவருக்கான பாதுகாப்புச் சரிபார்ப்பை முடித்த பிறகே பயிற்சி தொடங்க முடியும்.

ஜோர்ஜ்டவுன் வாசகி ஒருவர்: கிட் (விமானப் பாகங்களின் தொகுப்பு) வாங்கிக் கட்டினால் 51 விழுக்காடு வேலையை நாமே செய்ய வேண்டும் என்கிறார்களே, கூலிக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும்? 51 விழுக்காடு தேவையில்லாத கிட்டுகளும் உண்டு என்று கேள்விப்பட்டேன்.

அம்மா, இரண்டும் உண்மை. இரண்டும் வேறு வேறு சான்றிதழ்கள். அமெரிக்க விதியில் 'சொந்தக் கட்டுமானம்' என்ற வகைக்கு, விமானத்தின் பெரும்பகுதியைத் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியவர்களே உருவாக்கிப் பொருத்தியிருக்க வேண்டும். நீங்களும் உங்கள் தம்பியும் பத்து நண்பர்களும் சேர்ந்து செய்தாலும் அது கணக்கில் சேரும். கூலி பெற்றவர் செய்த வேலை உங்கள் பங்கில் சேராது. என்ஜின், மின்னணுக் கருவிகள், இருக்கை மெத்தை ஆகியவற்றை வெளியில் கொடுப்பதால் பாதகமில்லை, ஏனெனில் அவற்றை யாரும் வீட்டில் செய்வதாக எதிர்பார்ப்பதில்லை. செய்த வேலையைத் தேதியோடும் படத்தோடும் குறிப்பேட்டில் பதிந்துவையுங்கள். படங்களில் உங்கள் கைகளும் முகமும் தெரியட்டும். ஆய்வாளர் கேட்பது அதைத்தான்.

மற்றது 'பரிசோதனை – இலகு விமானம்' என்ற வகை. தயாரிப்பாளர் அதே வடிவத்தில் ஒரு முழு விமானத்தை முதலில் தாமே கட்டிச் சான்று பெற்றிருப்பார். பிறகு அதன் கிட்டை விற்பார். அதில் விழுக்காட்டுக் கணக்கே கிடையாது. ஆனால் சான்று பெறும் நாள்வரை ஒரு திருகைக்கூட மாற்றாமல் கையேட்டில் உள்ளபடியே கட்ட வேண்டும். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி.-12 இந்த வழியில் புகழ் பெற்றது. பலன், சோதனைப் பறத்தல் பெரும்பாலும் 5 மணி நேரத்தில் முடிந்துவிடும். சொந்தக் கட்டுமானத்துக்கோ 25 அல்லது 40 மணி நேரம் ஆகும். மேலும், விமானத்தை வாங்கும் அடுத்த உரிமையாளரும் 16 மணி நேரப் பயிற்சி ஒன்றை முடித்து, ஆண்டுச் சோதனையைத் தாமே செய்துகொள்ளலாம். மொசைக் வருவதற்கு முன், சொந்தக் கட்டுமானத்தில் அந்த உரிமை கட்டியவரோடு நின்றுவிட்டது.

எதைத் தேர்வது என்று கேட்டால், முதல் முறை கட்டுவோருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். சோதித்துப் பார்த்த வடிவத்தை அப்படியே கட்டுவதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளமாக இருக்கிறது. கருவிப் பலகையை மாற்றலாமா, எரிபொருள் தொட்டியைப் பெரிதாக்கலாமா என்ற ஆசைகள்தான் பாதியில் நின்றுபோன பல விமானங்களின் கதை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர்: அமெரிக்கச் சான்றிதழ் பெற்ற இத்தகைய விமானத்தை அப்படியே மலேசியாவுக்குக் கொண்டுவந்து பறக்கவிடலாமா?

அப்படியே முடியாது. அமெரிக்க விதி அமெரிக்க வானத்துக்கு உரியது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு, அனைத்துலகத் தரத்துக்குக் குறையாமல் வழங்கப்பட்ட வான்தகுதிச் சான்றிதழ்களையே நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்க வேண்டும் என்கிறது. 'பரிசோதனை' என்ற சான்றிதழ் அந்தத் தரத்தில் வழங்கப்படுவதில்லை. ஆகவே எந்த நாட்டு எல்லையைக் கடப்பதற்கும் அந்த நாட்டின் தனி அனுமதி வேண்டும். இங்கே கட்டிப் பறக்கும் விமானத்துக்கும் இதுவே பொருந்தும். பினாங்கிலிருந்து மேடானுக்கோ ஹாட்யாய்க்கோ போக நினைப்பவர் முதலில் கடிதம் எழுத வேண்டும்.

மலேசியாவில் பறக்கும் விமானம் 9எம் என்று தொடங்கும் பதிவெண் பெற்று, 1969-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் 2016-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளுக்கும் உட்பட வேண்டும். இதைக் கவனிப்பது 2018 பிப்ரவரியிலிருந்து தனி ஆணையமாகச் செயல்படும் சி.ஏ.ஏ.எம். (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) ஆகும். கிட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களுக்கு எழுதுங்கள். எந்த வடிவம், எந்த என்ஜின், யார் மேற்பார்வை, எந்த ஓடுதளம் என்ற நான்கையும் கடிதத்தில் குறியுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கொள்கலனில் இறக்கிய பெட்டிகள் வாடகைக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் சேமிப்பு அதற்குள் இருந்தது.

பாலிக் பூலாவ் வாசகர் ஒருவர்: நம் ஊர் வெப்பத்துக்கும் கடல் காற்றுக்கும் இவை தாங்குமா?

தாங்கும், கட்டுபவர் நம் ஊரை நினைவில் வைத்துக் கட்டினால். கையேட்டில் உள்ள ஓடுதள நீளங்கள் 15 பாகை வெப்பத்தில், கடல் மட்டத்தில் கணக்கிடப்பட்டவை. பினாங்கின் பாயான் லெப்பாஸில் 33 பாகை அடிக்கும் பிற்பகலில் காற்று மெலிந்திருக்கும். கடலோரத்தில் நின்றாலும் விமானத்துக்கு அது 2,100 அடி உயரத்தில் நிற்பதுபோல. ஈரப்பதம் அதை இன்னும் சற்று ஏற்றும். என்ஜின் குறைவாக இழுக்கும், இறக்கைக்கு அதிக ஓட்டம் வேண்டும். இருவரும் முழுத் தொட்டியும் என்றால் காலையிலேயே புறப்படுவதுதான் நல்லது.

சாலை வண்டிகளின் பெட்ரோலில் ஓடும் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். என்ஜினுக்கு ஆர்.ஓ.என். 95 (ஆக்டேன் எண் 95) போதும். ஆனால் அந்தப் பெட்ரோல் விமானப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகும். சூடான என்ஜினை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்து வந்து மறுபடி கிளப்பும்போது, குழாயில் குமிழி அடைத்துக்கொள்ளும் ஆபத்து நம் ஊரில் அதிகம். எரிபொருள் தொட்டிக்குத் திரும்பும் குழாயை, எடையைக் குறைக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். எரிபொருள் குழாய்களை வெப்பக் காப்பு உறையால் சுற்றுங்கள்.

துருவைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிட்டில் வரும் அலுமினியத் தகடுகள் கீறாமலிருக்க அவற்றின் மேல் நீலப் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். பாதுகாப்பாயிற்றே என்று பலர் அதை ஆண்டுக்கணக்கில் உரிக்காமல் வைப்பார்கள். நம் ஈரக்காற்று அதன் விளிம்பு வழியே உள்ளே போய், நூல் நூலாக வெண்ணிற அரிப்பை வளர்க்கும். பெட்டி வந்த மாதமே உரித்து, தகடுகளை நிமிர்த்தி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். எஃகுத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடங்களில் அடிப்பூச்சு கட்டாயம். கண்ணாடியிழை விமானமென்றால் வெள்ளை நிறம் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். அடர்நிறம் வெயிலில் சூடேறி, இழைகளைப் பிணைக்கும் எப்பாக்ஸிப் பசையை இளக்கிவிடும்.

பங்சார் வாசகர், வயது 17: பணமும் இடமும் இப்போது இல்லை. இன்று தொடங்குவதற்கு ஏதேனும் உண்டா?

உண்டு தம்பி. இரண்டு சிறிய அலுமினியத் தகடுகளும் ஒரு கைப்பிடி அளவு எட்டில் ஓர் அங்குல ரிவெட்டுகளும் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணிகள்) வாங்குங்கள். அரத்தால் விளிம்புகளை மழித்து வழவழப்பாக்குங்கள். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட்டின் விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி இருக்கட்டும். துளையிட்ட பின் அதன் வாயையும் மழியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிர்தான் பின்னாளில் விரிசலாகும். ரிவெட்டை அடித்ததும் மறுபுறம் உருவாகும் பின்தலையை அளந்து பாருங்கள். அகலம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 4.8 மில்லிமீட்டர், உயரம் பாதி, 1.6 மில்லிமீட்டர். சாய்ந்திருந்தாலோ நசுங்கியிருந்தாலோ தலையைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். தகட்டுத் துளை பெரிதாகாமல் எடுப்பது அடிப்பதைவிடக் கடினமான வேலை. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எதையும் செய்யாதீர்கள். நூறு அடித்த பின் அந்தத் தகடுகளையும் எழுதிவைத்த அளவுகளையும் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.